எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்று சொல்லும் பூ அலங்காரக்காரரிடம் சிக்கிவிடாதீர்கள்

தங்கை கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போடப் போவதில்லை, போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போகும், நீங்களோ அதே மாதிரி வேலை செய்கிற இன்னொருவரிடம் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

பூ வேலை என் பொறுப்பு. தங்கைக்கு நீலம் என்றால் உயிர். கையில் பிடிக்கும் பொக்கேவுக்கு நீல ரோஜாவும் வெள்ளைப் பியோனியும், மேடைக்கு நீல ஹைட்ரேஞ்சியா, மேசைகளுக்குச் சின்னச் சின்னக் கொத்து, இதுதான் அவள் கேட்டது. போனில் சேர்த்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: "பண்ணிடலாம் மேடம், கவலையே படாதீங்க." வெளியே வந்ததும் தங்கை, "எவ்வளவு நல்லா பேசுறாங்க இல்லக்கா" என்றாள். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

ஏனென்றால் அந்தப் பட்டியலில் பாதிக்கு அவர் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ரோஜாவில் நீலத்துக்கான டெல்ஃபினிடின் என்ற நிறமி இயற்கையில் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பல வருடம் பாடுபட்டு, மரபணுவை மாற்றி, 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த "நீல ரோஜா"வே பார்வைக்கு இளம் ஊதாதான். கடைகளில் பளிச்சென்று நீலமாக இருப்பதெல்லாம் வெள்ளை ரோஜாவுக்குச் சாயம் ஏற்றியது. பியோனியோ, வசந்தம் முடியும்போது பூக்க ஆரம்பித்துக் கோடையின் தொடக்கத்தோடு நின்றுவிடும். மற்ற மாதங்களில் வேண்டுமென்றால் உலகின் மறுபாதியில் விளைந்ததைத் தருவிக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருந்ததில் அதிசயம் இல்லை. பூவே தொழிலாக இருக்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். "கிடைக்காது" என்று சொன்னால் நாங்கள் எழுந்து போய்விடுவோம் என்று பயந்திருப்பார், அவ்வளவுதான். உண்மையில் டெல்ஃபினியம் என்று ஒரு பூ இருக்கிறது, இயற்கையாகவே நல்ல நீலம். அதைக் காட்டியிருந்தால் தங்கை உடனே சரி என்றிருப்பாள்.

அவர் கேட்காத கேள்விகளையும் சொல்ல வேண்டும். மண்டபமா திறந்தவெளியா, வெயில் எந்தப் பக்கம் விழும், போட்டோ எத்தனை மணிக்கு, உடை என்ன நிறம், என்ன துணி, எதுவும் கேட்கவில்லை. கேட்ட ஒரே விஷயம் அட்வான்ஸ். முக்கால் பங்கைக் கொடுத்தோம். ரசீதில் பூவின் பெயர், எண்ணிக்கை எதுவும் இல்லை. "அலங்காரம் — முழுவதும்" என்று ஒரு வரி, அடியில் பொடி எழுத்தில் "கிடைக்காத பூவுக்குப் பதில் வேறு பூ வைக்கப்படும்". இந்த நிபந்தனை ஒன்றும் அநியாயமானது இல்லை, பூ விஷயத்தில் யாராலும் நூற்றுக்கு நூறு உறுதி சொல்ல முடியாது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு போன் செய்து, இந்த நிறத்தில் இந்தப் பூ போடட்டுமா என்று கேட்பதற்கு என்ன கேடு? அட்வான்ஸ் கொடுத்த மறுநாளிலிருந்து அவர் போனை எடுப்பதே அபூர்வமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. (நாங்கள் கேட்ட நீலத்தில் ஒழுங்காக வந்தது அது ஒன்றுதான்.)

கல்யாணத்தன்று ஒன்றரை மணி நேரம் தாமதமாக ஒரு வண்டி வந்தது. அவர் வரவில்லை, ஒரு பையன்தான் வந்தான், பாவம், அவனிடம் படமும் இல்லை, எது எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. பெட்டியைத் திறந்தால் ஹைட்ரேஞ்சியா எல்லாம் நனைந்த காகிதம் மாதிரி தொங்குகிறது. தண்ணீர் இல்லாமல் அட்டைப் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் அத்தை ஒருவருக்குத் தோட்டப் பழக்கம் உண்டு, அவர்தான் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, காம்பைச் சாய்வாக வெட்டி, பூவைத் தலையோடு முக்கி வைக்கச் சொன்னார். அந்தப் பூ இதழ் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளுமாம். அரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டன! மணப்பெண்ணின் அக்கா விருந்தாளிகளை வரவேற்காமல் பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதை இதுதான். மேசைக் கொத்துகள் மதியத்துக்குள் தலை சாய்ந்தன. எல்லாம் முடிந்தபின் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன், பூ செருகும் பச்சை ஃபோம் வெளியே ஈரம், நடுவில் சுத்தமாகக் காய்ந்த தூள். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக ஊறி இறங்கும்வரை விட வேண்டும், அவசரப்பட்டுக் கையால் அமுக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் செருகிய காம்புக்குத் தண்ணீர் கிடைக்காது. கொஞ்ச நேரப் பொறுமைதான் கேட்கும், அதுகூட அங்கே இல்லை.

பொக்கேவில் ஒரு பியோனிகூட இல்லை. பதிலுக்கு வெள்ளைச் சாமந்தி, அதன் நடுவே சாயம் ஏற்றிய நீல ரோஜா. அதையாவது விட்டிருக்கலாம். போட்டோவுக்குக் கிளம்பும் நேரத்தில் அந்தப் பையன், "தண்ணி அடிச்சா ஃப்ரெஷ்ஷா தெரியும்க்கா" என்று பாட்டிலை எடுத்து நாலு முறை பீய்ச்சினான். பத்து நிமிடத்தில் தங்கையின் விரல் நீலம், வெளிர் நிற உடையின் முன்பக்கத்தில் உள்ளங்கை அளவு நீலம். இதழ்மேல் தெளித்த சாயம் ஈரம் பட்டால் இறங்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் அழவில்லை, பொக்கேவைக் கறையை மறைக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாப் படத்திலும் கை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் போன் செய்தேன். முதல் பதில்: "பூன்னா வாடத்தான் செய்யும் மேடம்." சரி, சாயம்? "நீலம் கேட்டது நீங்கதானே?" பியோனி? ரசீதின் அடியைப் படிக்கச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை கடைசிவரை வாயிலிருந்து வரவில்லை. பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டதற்கு, பூ உபயோகித்தாகிவிட்டது என்றார்.

ஒரு தோழியின் கல்யாணத்துக்குப் பூ செய்தவரிடம் போன வாரம் பேசிப் பார்த்தேன், நான்தான் அதிகம் எதிர்பார்த்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில். அவர் முதல் சந்திப்பிலேயே உடையின் துணித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வாராம். அந்த மாதத்தில் கிடைக்காததை அங்கேயே அடித்துவிட்டு, பக்கத்தில் மாற்றுப் பூவின் பெயரை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவார்களாம். ரோஜாவை இரண்டு மூன்று நாள் முன்பே வாங்கி, அன்றைக்குச் சரியாக விரிகிற மாதிரி தண்ணீரில் வைத்திருப்பார். லில்லி என்றால் மகரந்தப் பைகளை முன்பே கிள்ளிவிடுவார், உடையில் பட்டால் அந்தக் கறை போகாது என்று. பொக்கே மணப்பெண்ணின் கைக்குப் போகும்வரை காம்பு தண்ணீருக்குள்தான் இருக்கும். தோழி கேட்டதில் இரண்டு பூவுக்கு அவர் முடியாது என்று சொன்னதும், இவள் அன்றைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததும் எனக்கே நினைவிருக்கிறது. "ரொம்பக் கறார்" என்று நான்கூடச் சொன்னேன். அதனால்தான் அவரிடம் போகாமல், இனிக்க இனிக்கப் பேசிய இவரிடம் போனோம்.

நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அந்த மாதத்தில் கிடைக்கவே கிடைக்காத ஒரு பூவை வேண்டுமென்றே கேட்டுப் பாருங்கள். அதற்கும் "பண்ணிடலாம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நல்ல பதில் வந்தாலும் பூவின் பெயர், எண்ணிக்கை, கொண்டுவரும் நேரம், அன்றைக்கு யார் வருவார் என்று எழுதி வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உடை இன்னும் சலவைக் கடையில் இருக்கிறது, கறை முழுதாகப் போகுமா என்று அவர்களுக்கே நம்பிக்கையில்லை. நேற்று தங்கைக்கு அந்தப் பூக்காரரிடமிருந்து தானாகவே ஒரு வாட்ஸ்அப் வந்தது, புன்னகைப் பொம்மையோடு: எங்களிடம் பூ வாங்கியதற்கு நன்றி, உங்கள் அடுத்த கல்யாணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.