ஓஎஸ் மாற்றிய லேப்டாப்பில் சத்தம் போனால்: நாள்பட நிற்கும் தீர்வு எது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் கைமாறி வந்த ஆபீஸ் லேப்டாப்கள். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசசரோ அதற்கு மேலோ உள்ளவற்றுக்கு விண்டோஸ் 11 ஏற்றும் வேலை மும்முரமாக நடக்கிறது. ஏற்றி முடித்ததும் வரும் புகார்கள் இரண்டு. ஒன்று, "படம் ஓடுது, சத்தம் வரலை." இன்னொன்று, "சிங்கப்பூர்ல பேரன் பேசுறது கேக்குது, ஆச்சி பேசுறது அவனுக்குக் கேக்கலை." இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒலிச் சிப்பையும் விண்டோஸையும் பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் சரியாக ஏறாதது. ஸ்பீக்கரைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டாம்.

டிவி கேபிள் செருகியிருந்தால் சத்தம் எச்டிஎம்ஐ வழியாகப் போய்க்கொண்டிருக்கும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி அவுட்புட்டை மாற்றினால் தீர்ந்தது. பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஆடியோ அணைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடலாம். அதற்கு மேல் இங்கே நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

உண்மையான இடம், லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர். அங்கே 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழ் மஞ்சள் குறியோடு 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' நிற்கிறதா பாருங்கள். நின்றால் அதன் பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் வரை போங்கள். 'வென்' (VEN) என்பதற்குப் பின் 8086 இருந்தால் இன்டெல், 1022 இருந்தால் ஏஎம்டி. 'டெவ்' (DEV) என்பதற்குப் பின் ஏ0சி8 (A0C8) என்றிருந்தால் அது 11-ஆம் தலைமுறை இன்டெல். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: சத்தம் தரும் சிப்பான ரியல்டெக்கின் டிரைவரைத் திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள், 'சக்சஸ்' என்று வரும், சத்தம் மட்டும் வராது.

காரணம் எளிது. இப்படி மஞ்சள் குறி காட்டும் இன்டெல் லேப்டாப்களில் ரியல்டெக் சிப் நேரடியாக விண்டோஸின் கண்ணில் படாது. நடுவில் இன்டெல்லின் ஒலிச் செயலியான ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி இருக்கிறது. நம்மூர் வீட்டில் முகப்பைக் கடக்காமல் வளவுக்குள் (உள்முற்றப் பகுதிக்குள்) போக முடியாதல்லவா, அதே கதை. முகப்புக் கதவு பூட்டியிருக்க, வளவில் ஆள் இருப்பதே வெளியே தெரியாது. உள்ளேயே பதித்த மைக்கும் இந்த வழியாகத்தான் வருகிறது. சில மாடல்களில் விண்டோஸ் தன் பொது டிரைவரைப் போட்டு ஸ்பீக்கரை ஒப்பேற்றிவிடும், மைக் மட்டும் செத்துக் கிடக்கும். ஆச்சியின் குரல் பேரனுக்குப் போகாதது அதனால்தான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மதர்போர்டின் சிப்செட் டிரைவர், அடுத்து சீரியல் ஐஓ (சிறு சிப்களோடு பேசும் வழி), பிறகு ஸ்மார்ட் சவுண்ட், ஒரு ரீஸ்டார்ட், கடைசியில் ரியல்டெக். ஏஎம்டி என்றால் சிப்செட் பேக்கேஜ் முதலில், ஆடியோ பிறகு. சீரியல் ஐஓ எதற்கு என்று கேட்கலாம். சில மாடல்களில் ஸ்பீக்கருக்கென்று சிரஸ் லாஜிக் போன்ற தனி ஆம்ப்ளிஃபையர் சிப் உண்டு. அது அந்த வழியாகத்தான் பேசும். ஹெட்போனில் சத்தம் வந்து ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

11-ஆம் தலைமுறைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'சிஸ்டம் டிவைசஸ்' கீழே ஸ்மார்ட் சவுண்ட் ஆடியோ கன்ட்ரோலரின் டிரைவர் பதிப்பு 10.29.0.5152 அல்லது 10.30.0.5152 என்றிருந்தால், விண்டோஸ் 11-ல் நீலத்திரை விழ வாய்ப்புண்டு. இரண்டு வரிசையிலும் 5714-லிருந்து அது சரிசெய்யப்பட்டது. கடைசி நான்கு இலக்கத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

டிரைவர் எங்கே எடுப்பது? ஃபார்மேட் செய்யாமல் அதே பார்ட்டிஷனில் ஏற்றியிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெப்பாசிட்டரி. பழைய டிரைவர்கள் மொத்தமும் அங்கேதான் தூங்குகின்றன. டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, இந்த ஃபோல்டரைக் காட்டி, சப்ஃபோல்டர்களையும் தேடச் சொன்னால் போதும், இணையமே வேண்டாம். ஆனால் சுமார் 10 நாளில் விண்டோஸ் அதைத் தானே அழித்துவிடும். ஏற்றுவதற்கு முன்பே ஃபைல்ரெப்பாசிட்டரியை ஒரு 16 ஜிபி பென்டிரைவில் நகலெடுத்து வைப்பது இன்னும் நல்லது.

அதுவும் இல்லையென்றால் தயாரிப்பாளர் தளம். டெல்லுக்கு 7 எழுத்து சர்வீஸ் டேக், லெனோவோவுக்கு சீரியல் எண். கைமாறி வந்த லேப்டாப்பில் அடிப்பக்க ஸ்டிக்கர் தேய்ந்திருக்கும். பயாஸில் அதே எண் கிடைக்கும். வைஃபை டிரைவரும் சேர்ந்து போயிருந்தால் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள்.

நீண்ட நாள் பயன்பாட்டில் தயாரிப்பாளர் டிரைவர்தான் நிற்கிறது. விண்டோஸின் பொது டிரைவர் சத்தம் தரும், ஆனால் அந்த மாடலுக்கென்று செய்த டியூனிங் இல்லாததால் மெலிந்து ஒலிக்கும். சின்ன ரூமில் சமாளிக்கலாம். உயரக் கூரையும் திறந்த முற்றமும் உள்ள வளவில் முழு வால்யூமிலும் பாட்டு தேயும். விண்டோஸ் அப்டேட்டின் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியில் வரும் டிரைவர் இரண்டாமிடம், மோசமில்லை. எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் போடும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். அன்றைக்குச் சத்தம் வரும், தவறான பதிப்பைப் போட்டிருந்தால் ஹெட்போன் செருகியதைக் கண்டறிவதோ மைக்கோ பிறகு மக்கர் பண்ணும்.

ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய அப்டேட், நல்ல டிரைவரையும் மாற்றிவிடக்கூடும். சத்தம் திடீரென்று குறைவதும், ரியல்டெக் கன்சோல் திறக்காததும் அதன் அடையாளங்கள். 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அந்த பட்டன் மங்கியிருந்தால், முதலில் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டுங்கள். அதை டி டிரைவில் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லா டிரைவரும் சரியாக இருந்தும் ஸ்பீக்கர் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால், ஏற்றியது வெட்டிக் குறைத்த 'லைட்' விண்டோஸா என்று கேளுங்கள். சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ', 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்' இரண்டும் 'ஆட்டோமேட்டிக்' என்று ஓட வேண்டும். 1068 என்ற பிழை வந்தால், அது சார்ந்திருக்கும் வேறொரு சர்வீஸ் ஓடவில்லை என்று பொருள். லைட் பதிப்பில் அது அறுத்தெறியப்பட்டிருந்தால் ஒட்டுப்போட முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், முழு விண்டோஸை ஏற்றுங்கள்.

லினக்ஸில் இதே கோளாறு 'டம்மி அவுட்புட்' என்று தலைகாட்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் தனியுரிமை ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) சேர்ந்தது 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தையதில் 'ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு' (firmware-sof-signed) பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். பழைய எச்டிஏ டிரைவருக்கு மாறினால் ஸ்பீக்கர் பேசும், உள்ளிருக்கும் மைக் பேசாது. லினக்ஸும் விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெறும் ரீஸ்டார்ட்டில் தாவும்போது சில ரியல்டெக் சிப்கள் உறைந்துபோகும். விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 விநாடி பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள்.