விடுமுறை நாள் வேலைக்குப் போகும் தோழர்களுக்கு: திருவோணத்தன்று நான் கையெழுத்திட்ட தாள்

கந்தேகவுண்டன் சாவடிக்கும் வாளையாறு எல்லைக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள ஒரு பம்பு தயாரிக்கும் ஆலையில் பதினோரு ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளியாக வேலை செய்கிறேன். என் வீடு எல்லைக்கு அப்பால், கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறது. எங்கள் ஊரில் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழே பேச்சு; ஆனாலும் பொங்கலுக்குக் குறையாமல் திருவோணத்தையும் கொண்டாடுகிறோம். 2023-இல் மூன்று விடுமுறை நாட்களில் வேலை செய்துவிட்டு, அவற்றுக்கான சம்பளத்துக்காகப் பல மாதங்கள் அலைந்தேன். ஒரு நாளுக்கான பணம் இன்றுவரை கைக்கு வரவில்லை. ஆலையின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். இதே வட்டாரத்தில் வேறு ஆலைகளிலும் இப்படி ஒரு தாள் கையெழுத்துக்கு வருவதாகக் கேள்விப்பட்டதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம் 1958-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு தேசிய விடுமுறைகளும் ஐந்து பண்டிகை விடுமுறைகளுமாக ஆண்டுக்கு ஒன்பது நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை. எங்கள் ஆலையில் பொங்கல், விஷுவை ஒட்டி வரும் தமிழ்ப் புத்தாண்டு, திருவோணம், ஆயுத பூஜை, தீபாவளி ஆகியவை அந்த ஐந்து. இந்த நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாளில் சம்பளத்துடன் மாற்று விடுமுறை தர வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. எங்கள் சங்கம் 2022-இல் சமரச அலுவலர் முன்னிலையில், தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம் போட்டபோது இதைவிடக் கூடுதலாகவே வாங்கித் தந்தது: விடுமுறைக்கு உரிய சம்பளம் நீங்கலாக மேலும் இரண்டு நாள் சம்பளம்; ஒரு நாள் சம்பளம் என்பது மாத மொத்தச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து வரும் தொகை; மாற்று விடுமுறை வேண்டும் என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தால் மட்டும் ஒரு நாள் சம்பளமும் அறுபது நாட்களுக்குள் எடுக்க வேண்டிய ஒரு நாள் விடுப்பும். விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலும் அடுத்த வேலை நாளிலும் வருகை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும் என்ற விதியும் அதே பிரிவில் உள்ளன. உள்ளபடியே நல்ல ஒப்பந்தம் அது. அதை நான் முழுவதும் படித்தது என் பணம் போன பிறகுதான் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் ஏற்றுமதி ஆர்டர் ஒன்று நெருக்கியது. சூப்பர்வைசர் எங்கள் லைனுக்கு வந்து, "மூணு லீவு நாளும் வந்து குடுங்கண்ணா, டபுள் போட்டுத் தந்துருவாங்க" என்று கேட்டுக்கொண்டார். மூன்று நாட்கள் என்றால் ஆகஸ்டு 15, ஆகஸ்டு 29 அன்று வந்த திருவோணம், அக்டோபர் 2. என் மாத மொத்தச் சம்பளம் அப்போது 23,400 ரூபாய். ஒரு நாளுக்கு 900 ரூபாய். ஆக, விடுமுறை வேலைக்கு நாளொன்றுக்கு 1,800 வீதம் மூன்று நாட்களுக்கு 5,400 ரூபாய் வர வேண்டும். மகளின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அதைக் கொண்டு கட்டிவிடலாம் என்று நானும் மனைவியும் பேசி முடிவு செய்தோம்.

ஆகஸ்டு 15 அன்று வழக்கம்போல் கேட்டில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வேலைக்குப் போனேன். அன்று வேறு தாள் எதுவும் வரவில்லை. திருவோணத்தன்று காலை ஐந்து மணிக்கே, வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே, வேலந்தாவளம் வழியாகப் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தேன். கேட்டில் பதிவேட்டுக்குப் பதிலாக ஒரு தாளை நீட்டினார்கள். மேலே ஆங்கிலத்தில் நான்கு வரிகள், கீழே பெயர், டோக்கன் எண், கையெழுத்துக்கான கட்டங்கள். எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். ஷிப்டு மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. அது வருகைத் தாள் என்று நினைத்துக் கையெழுத்திட்டேன். அந்த நான்கு வரிகளில் இருந்தது, "இன்று என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலை செய்கிறேன், கூடுதல் சம்பளத்துக்குப் பதிலாக மாற்று விடுமுறையைத் தேர்ந்தெடுக்கிறேன்" என்பது. தொழிலாளி எழுதிக் கொடுத்தால் மட்டுமே என்று ஒப்பந்தம் சொன்ன விதிவிலக்கை, அந்த ஒரு தாள் எல்லோருக்கும் பொது விதியாக மாற்றிவிட்டது.

செப்டம்பர் 7 அன்று வந்த சம்பளச் சீட்டில் இரண்டு நாட்களுக்கும் ஒரு ரூபாய்கூட இல்லை. அடுத்த மாதம் அரியராக வரும் என்றார்கள். அக்டோபர் சீட்டில் "சி-ஆஃப் 2", அதாவது இரண்டு நாள் மாற்று விடுமுறை, என்று மட்டும் இருந்தது. மனிதவள அலுவலரிடம் போய்க் கேட்டபோது, தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஈட்டு விடுமுறை தருவதுதான் முறை என்று சொல்லிவிட்டார். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் எங்களில் பலர் வாயடைத்துப் போனோம் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 52-ஆம் பிரிவு வார விடுமுறையைப் பற்றியது. வார விடுமுறை பறிபோனால் அந்த மாதத்துக்குள்ளோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ ஈட்டு விடுமுறை தர வேண்டும் என்பது 53-ஆம் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அழைக்கப்படும்போது பேச வேண்டியிருந்த சட்டம் அது; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. திருவோணமும் சுதந்திர தினமும் வார விடுமுறைகள் அல்ல. அவற்றுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு மேல் நம் ஒப்பந்தமும் இருக்கின்றன. இரண்டையும் கலந்து பேசுபவரிடம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அமைதியாகக் கேளுங்கள்.

சரி, மாற்று விடுமுறையையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று அக்டோபர் இரண்டாம் வாரத்தில் கேட்டேன். உற்பத்தி நெருக்கடி என்று மறுத்தார்கள். மீண்டும் கேட்டேன், மீண்டும் மறுத்தார்கள். ஆகஸ்டு 29-இலிருந்து அறுபதாவது நாள் அக்டோபர் 28. அந்தத் தேதி கடந்ததும் திருவோண நாளின் சி-ஆஃப் காலாவதியாகிவிட்டது என்று கணினியில் காட்டினார்கள். விடுப்பைத் தர மறுத்தவர்களே, எடுக்கவில்லை என்று அதை அழித்தார்கள்.

அக்டோபர் 2-க்குள் எங்களில் சிலருக்கு விவரம் தெரிந்துவிட்டதால் அன்று அந்தத் தாளில் கையெழுத்திட மறுத்தேன். அதனால் வேறு வழியில் பிடித்தார்கள். மறுநாள் பேருந்து பழுதாகி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தேன். அரை நாள் விடுப்பு போட்டார்கள். அடுத்த வேலை நாளில் முழு வருகை இல்லை, ஆகவே விடுமுறை நாள் வேலைச் சம்பளத்துக்குத் தகுதி இல்லை என்று எழுத்தில் தந்தார்கள். ஒப்பந்தத்தில் "வருகை" என்ற சொல்தான் இருக்கிறது, "முழு வருகை" என்று இல்லை.

இந்தக் கதையில் எனக்கு அதிகம் வலித்தது நிர்வாகம் செய்தது அல்ல. சம்பளச் சீட்டு வந்த முப்பது நாட்களுக்குள் குறையை எழுத்து மூலம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. செப்டம்பர் 11 அன்றும் 25 அன்றும் சங்க அலுவலகத்துக்குப் போய்ப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "தம்பி, இப்பத்தான் தீபாவளி போனஸ் பேச்சு நடக்குது, இதைக் கெளப்பினா அது கெட்டுப்போகும், கொஞ்சம் பொறுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். பதினோரு ஆண்டுகளாகச் சந்தா கட்டும் எனக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. அவர் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. அக்டோபர் 9 அன்று நான் போனபோது கெடு முடிந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. சங்கத்தின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அந்த ஒப்பந்தத்தை வாங்கித் தந்ததே சங்கம்தான். ஆனால் உறுப்பினரின் குறையை வாயால் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கெடுவைக் கடக்க விடுவது, குறையே வாங்காமல் இருப்பதைவிடக் கொடியது. உங்கள் குறையை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றில் தேதியிட்டு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் அண்ணன் முறை என்றாலும் வாங்குங்கள்.

அதன் பிறகு, ஓய்வுபெற்ற ஒரு பழைய தொழிற்சங்கத் தோழர் வழிகாட்டினார். 12(3) ஒப்பந்தம் சமரச நடவடிக்கையின்போது போடப்படுவதால், கையெழுத்திட்ட சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர் உட்பட ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். சமரச நடவடிக்கைக்கு வெளியே போடப்படும் 18(1) ஒப்பந்தம் என்றால் அதில் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்கள் ஆலையில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொன்னார். ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம் வராவிட்டால் தொழில் தகராறுச் சட்டத்தின் 33-சி பிரிவின்படி கேட்கலாம் என்பதையும், அதில் அரசிடம் வசூலிக்கக் கோரும் மனுவுக்குப் பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு காலம் உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். ஒப்பந்தத்தின் முப்பது நாள் கெடு போனதோடு எல்லாம் போய்விட்டது என்று நான் நம்பியிருந்தேன். விடுமுறை தொடர்பான நிபந்தனையைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற வேண்டுமானால் 9-ஏ பிரிவின்படி இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதையும் சேர்த்து, டிசம்பரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இந்தப் பிரிவு எண்கள் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், இப்போது மனு எழுதுபவர்கள் புதிய எண்களைச் சரிபார்த்து எழுதுங்கள். எல்லைக்கு அப்பால் கஞ்சிக்கோட்டில் வேலை செய்யும் நம்மவர்களுக்குக் கேரளத்தின் தனி விடுமுறைச் சட்டம் பொருந்தும். விடுமுறை நாட்களின் எண்ணிக்கையும் அங்கே வேறு.

ஜனவரியில் பேச்சுவார்த்தை நடந்தது. ஆகஸ்டு 15-க்கு என் கையெழுத்துடன் எந்தத் தாளும் இல்லாததால் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த 15,600-ஐ 30-ஆல் வகுத்து 1,040 ரூபாய்தான் தருவோம் என்றது. ஒப்பந்தத்தின் அந்த வரியைக் காட்டிய பிறகே 1,800 ஆனது. அக்டோபர் 2-க்கும் 1,800 கிடைத்தது. 2024 பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து 3,600 ரூபாய் வந்தது. திருவோணத்துக்கு மட்டும் என் கையெழுத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். படிக்காமல் போட்டேன், விடுப்பைக் கேட்டும் தரவில்லை என்று சொன்னேன். விடுப்புக் கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று தொழிலாளர் துறை அலுவலர் கேட்டார். என்னிடம் இல்லை, இரண்டு முறையும் வாயால்தான் கேட்டிருந்தேன். திருவோணத்தன்று என்னோடு வேலை செய்த ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு ஒரு நாள் கூலி மட்டுமே கிடைத்தது. மறுநாள் வேலைக்கு அழைக்க மாட்டார்களோ என்ற பயத்தில் அவர்களில் ஒருவர்கூட மனுவில் கையெழுத்திடவில்லை.

அந்தத் தாள் இப்போது தமிழிலும் வருகிறது. சம்பளமா, மாற்று விடுமுறையா என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டையும் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லும் வழக்கம் மாறவில்லை. நான் "இரண்டு நாள் சம்பளம்" என்று என் கையால் எழுதி, மற்ற கட்டத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்திடுகிறேன். கேட்டுக்குள் செல்போன் அனுமதி இல்லாததால், தாளை வெளியிலேயே வாங்கிப் படம் எடுத்துக்கொண்ட பிறகே உள்ளே போகிறேன். ஷிப்டு மணி அடித்தாலும் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் இப்போது எனக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பலரும் அப்படியே எழுதுகிறார்கள்.