எஃப்ஆர் ஃபோம்னு சொல்லி ₹38,400-க்குப் பட்டை நாமம்

கை நடுக்கம் இன்னும் அடங்கல, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

பெங்களூர் அல்சூர்ல வீட்டு மாடி அறையில பாட்டு கிளாஸ் எடுக்கிறேன். 16 பிள்ளைங்க, ஒரே வாசல். பக்கத்து வீட்டுல சத்தம்னு சண்டைக்கு வந்ததால சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினேன். (ஃபோம் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிய போற சத்தத்தை நிறுத்தாதாம். அது தனி வயித்தெரிச்சல்.) எஃப்ஆர், அதாவது சுலபமா தீ பிடிக்காத ரகம்தான் வேணும்னு கேட்டுத்தான் வாங்கினேன். ₹38,400.

சோபா, கார் சீட் சாமான் விக்கிற மொத்தக் கடை. பேர் போடல. ஓனர் தமிழ்ல பேசினார். "மேடம், நான் சொல்றதை நம்பாதீங்க, கண்ணால பாருங்க"ன்னு கல்லாவுக்கு அடியில இருந்து சாம்பல் கலர் துண்டு ஒண்ணை எடுத்து லைட்டரைக் காட்டினார். ஓரம் சுருங்கிக் கருகிச்சு. லைட்டரை எடுத்ததும் அணைஞ்சிடுச்சு. நான் அங்கேயே ஜிபே பண்ணிட்டேன். அந்தத் துண்டு மட்டும் ஏன் கல்லாவுக்கு அடியில தனியா இருக்குன்னு கேக்கத் தோணல.

முந்தாநாள் வயரிங்குக்கு வந்த பையன், "அக்கா, இது சாதா மெத்தை ஃபோம் மாதிரில்ல இருக்கு"ன்னான். மிச்சத் துண்டை மொட்டை மாடியில கொளுத்தினோம். தீக்குச்சியை எடுத்தும் நிக்கல. உருகிச் சொட்டின துளிகூட தரையில எரிஞ்சுது. ஒரே கரும்புகை. சாதா பியூ (பாலியூரிதேன்) ஃபோம் புகையில கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் வரும். 2013-ல பிரேசில் சான்டா மரியா கிளப்புல 242 பேர் செத்தது கூரையில ஒட்டின இந்த மாதிரி ஃபோம் பத்திக்கிட்டுத்தான். அதைப் படிச்ச ராத்திரியே எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டேன்.

போன் பண்ணா, "சின்னத் துண்டுன்னா எரியத்தான் செய்யும் மேடம்." அப்புறம் வாட்ஸ்அப்புல ஒரு லேப் ரிப்போர்ட்: அதுல தடிமன் 25 மிமீ, நான் வாங்கினது 50. அப்புறம் "ஒட்டின மாலுக்கு ரிட்டர்ன் கிடையாது." கடைசியா "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்". சொன்னது அதே ஓனர் குரல்! பில்லைப் பார்த்தா "பியூ ஃபோம் ஷீட்"னு மட்டும் இருக்கு. எஃப்ஆர்ங்கிற ரெண்டு எழுத்துக்குத்தான் ₹38,400 குடுத்தேன், அது பில்லுலயே இல்ல.

விவரமா எழுத நினைச்சேன், முடியல. சாம்பிளை நம்பாதீங்க. வந்த லாட்ல நீங்களே ஒரு துண்டு வெட்டி, வெட்டவெளியில கொளுத்திப் பார்த்துட்டு ஒட்டுங்க. பில்லுல "யுஎல் 94 எச்எஃப்-1"னு (ஃபோம் எரியுற விதத்தைச் சோதிச்சுக் குடுக்கிற தரம்) எழுதி வாங்குங்க. ரிப்போர்ட்ல தடிமன், டென்சிட்டி பொருந்துதான்னு பாருங்க. கலரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது.

₹38,400 ஃபோம் இப்ப மாடியில குவிஞ்சு கிடக்கு. அதை எங்க கொண்டுபோய் போடுறதுன்னுகூட தெரியல.