2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரம்ப் ஜெயித்தது யாரால்?

மதுரை டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி ஆகிவிடும்.

ஒன்று, ஓட்டைப் பிரித்த பசுமைக் கட்சி வேட்பாளர் ஜில் ஸ்டைன் ஆட்கள்தான் காரணம் என்கிறது. கணக்கும் இடம் கொடுக்கிறது: மிச்சிகன் மாநிலத்தில் ட்ரம்ப் முந்தியது 10,704 ஓட்டில், ஸ்டைன் வாங்கியது 51,000க்கு மேல். சரி, அதெல்லாம் ட்ரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரிக்கே விழுந்திருக்குமா? பலர் வாக்குச்சாவடிக்கே போயிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, தோற்றவரையே குற்றம் சொல்கிறது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. வேட்பாளரான பிறகு ஹிலாரி விஸ்கான்சின் மாநிலத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. அங்கே தோற்றது சுமார் 23,000 ஓட்டில். மேலூரில் நிற்கிறவர் கொட்டாம்பட்டிப் பக்கமே வராவிட்டால் ஜனம் விடுமா? நாடு முழுக்க 28 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றதற்குத் மாநிலவாரியாக ஜெயிக்கும் தேர்வாளர்களை எண்ணி அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் குழு முறையும் காரணம்தான்.

ட்ரம்புக்கே ஓட்டுப் போட்டவர்களை மட்டும் இரண்டு கட்சியும் கேட்பதில்லை.