வெள்ளவத்தை ஒடியல் மா: வகுப்புக்கு வாங்கலாமா?

உணவையும் இடப்பெயர்வையும் பாடமாக நடத்துகிறவர்களுக்கு, வெள்ளவத்தை காலி வீதிப் பலசரக்குக் கடைகளில் கிடைக்கும் ஒடியல் மாவைவிடத் தோதான பொருள் கொழும்பில் இல்லை என்றே சொல்வோம். ஆனால் பார்த்து வாங்கவேண்டும்.

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டின் மாவும் ஒரே தட்டில், ஒரே மாதிரிப் பையில் இருக்கும். நண்டு, இறால், மரக்கறி போட்டுக் காய்ச்சும் யாழ்ப்பாணத்துக் கூழுக்கு வேண்டியது முதலாவது. மற்றது ஏற்கெனவே வெந்த கிழங்கின் மா, கூழை அதேபோல் தடிப்பாக்காது. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிட நல்லது. எந்த மா என்று எழுதாத பையை விட்டுவிடுங்கள். பூஞ்சண மணம் வந்தாலோ கட்டிபட்டிருந்தாலோ அது ஈரம் பிடித்த சரக்கு.

20 பேருக்கு ஆளுக்கொரு சிறு கோப்பை ருசி பார்க்க 250 கிராம் போதும். பலர் பிழைவிடுவது மாவை அப்படியே உலையில் கொட்டுவதில்தான்: கைக்கும், கட்டிபடும். நிறையத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை இறுத்து ஊற்றுங்கள்; இரண்டு மூன்று தடவை. காலை வகுப்பென்றால் முதல்நாள் இரவே தொடங்கவேண்டும். அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் வெந்து, நண்டும் இறாலும் போட்டபின், அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து, கடைசியில் மாக் கரைசலை விடுங்கள். கை ஓயாமல் துழாவாவிட்டால் அடிப்பிடிக்கும். நண்டு, இறால் ஒவ்வாதவர்களை முன்கூட்டியே கேட்டறிந்து, மரக்கறிக் கூழைத் தனிப் பானையில் வையுங்கள்.

பையில் யாழ்ப்பாணம் என்று அச்சிட்டிருப்பதை வைத்து, இதுதான் தமிழர் உணவு என்று முடித்துவிட வேண்டாம். மலையகப் பிள்ளைக்குக் கூழ் புதிதாக இருக்கலாம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கு அது உம்மம்மா வீட்டுச் சாப்பாடாக இருக்கலாம். கூழை வைத்துக் குடும்பக் கதைகளைக் கேட்கும் நேர்காணலில் 'உங்கள் அடையாளம் என்ன' என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில்தான் வரும். மா எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார்கள், கிடைக்காத காலத்தில் எதைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்ததும், மூடப்பட்ட கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதையும், கனடாவுக்குப் போன பார்சலும் அந்தப் பேச்சில் வந்துவிடும். கிழங்கு கிண்டுவதும் கிழிப்பதும் யாருடைய வேலை என்பதையும் விடாமல் கேட்கவேண்டும். சாதியைப் பற்றிய பேச்சுக்கு அதுதான் வாசல். அதைத் தவிர்த்தால் ஆய்வு அரைகுறை.

பெரிய குறை, எந்த ஊர்க் கிழங்கு என்ற விவரம் பைகளில் அரிது. கடைக்காரரிடம் மொத்த வியாபாரியின் ஊரையாவது கேட்டுக் குறித்துவையுங்கள். மா வந்த வழியை மாணவர்கள் வரைபடமாகப் போடும்போது தேவைப்படும்.