நான்கு படங்கள், நான்கு வேலிகள்

கடந்த சில வாரங்களில் பார்த்த படங்களுள் நான்கு மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019) அதிரடிப் படம், சி. பிரேம்குமாரின் ‘96’ (2018) காதல் படம்; ஜான் கிராசின்ஸ்கியின் ‘எ கொயட் பிளேஸ்’ (2018) திகில் படம்; சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ (1957) ஒரு கொலை வழக்கின் தீர்ப்பைப் பற்றிய படம். வகையை வைத்துப் பார்த்தால் இவற்றை ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஆனால் நான்கும் தம்மைச் சுற்றித் தாமே ஒரு வேலியைப் போட்டுக்கொண்ட படங்கள் என்பதால் ஒப்பிடத் தோன்றியது. முதல் இரண்டுக்கும் ஓர் இரவுதான் எல்லை. மூன்றாவதில் யாரும் சத்தம் எழுப்பக் கூடாது. நான்காவதில் யாரும் அறையை விட்டு வெளியேற முடியாது. எந்தப் படம் தன் வேலிக்குள் உண்மையாக நின்றது என்பதே என் அளவுகோல். கதையின் முடிச்சுகளைத் தொடாமல் இதை எழுத வழியில்லை என்பதை இன்னும் பார்க்காதவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

‘கைதி’யில் பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. பத்து ஆண்டுச் சிறைவாசம் முடித்து, இதுவரை முகம் பார்த்திராத மகளைக் காணப் புறப்பட்ட நாயகன் தில்லி (கார்த்தி), மதுவில் கலந்த மருந்தால் மயங்கிக் கிடக்கும் காவலர்களை லாரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்கிறது. இன்னொரு பக்கம், ஆணையர் அலுவலகத்தில் அன்றுதான் வந்து சேர்ந்த வயதான காவலர் நெப்போலியன், அங்கு அகப்பட்டுக்கொண்ட சில மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கதவைக் காக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது தில்லியின் சண்டைகளைவிட இந்தக் கதவுதான். ஜார்ஜ் மரியான் அந்தப் பாத்திரத்தில் காட்டும் பயமும், பயந்துகொண்டே விலகாமல் நிற்கும் பிடிவாதமும், உடல் பலத்தால் எதையும் சாதித்துவிடும் நாயகனிடம் எனக்குக் கிடைக்காத பதற்றத்தைக் கொடுத்தன. தில்லியின் முன்கதையைத் தனிக் காட்சியாக விரிக்காமல் அவன் வாயாலேயே சொல்லவைத்திருப்பதும் வேலியை மதிக்கும் செயல்; கார்த்தியின் முகம் மட்டுமே அந்தப் பத்து ஆண்டுகளைச் சுமக்கிறது. ஆனால் கத்திக் குத்துகளை வாங்கிய பிறகும் தில்லி எழுந்து, இறுதியில் இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கும்போது, அதுவரை ஒவ்வொரு கிலோமீட்டரையும் எண்ணிக்கொண்டிருந்த படம் திடீரென எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. அந்த இரவில் எதுவும் தவறிப் போகலாம் என்ற அச்சம் அங்கே எனக்கு அறுந்துபோனது.

‘96’இன் இரவு வேறு விதமானது. பள்ளித் தோழர்கள் கூடும் நாளில், 22 ஆண்டுகளுக்குப் பிறகு ராமும் ஜானுவும் சந்திக்கிறார்கள். விடிந்தால் அவள் சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டும். இங்கே துரத்த ஆள் யாருமில்லை. கடிகாரம் மட்டும் இருக்கிறது. இரவுக்கு முன்பாக வரும் பள்ளிப் பகுதி தேவைக்கு மேல் நீண்டுவிட்டது என்பதே என் எண்ணம். ஆதித்யா பாஸ்கரும் கௌரி கிஷனும் நன்றாக நடித்திருந்தும், சில காட்சிகள் ஒரே தயக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனினும், அந்த நீளத்தில் விதைத்த ஒன்று பிறகு முளைக்கும்போது என் குறையைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இளையராஜா இசையில் 1991ஆம் ஆண்டு வெளிவந்த ‘தளபதி’யின் ‘யமுனை ஆற்றிலே’ பாடலைப் பாடச் சொல்லிப் பள்ளி நாட்களில் ராம் ஏங்குவான். அவள் வேறு எதை வேண்டுமானாலும் பாடுவாள், அதை மட்டும் பாட மாட்டாள். இத்தனை ஆண்டுகள் கழித்து அவன் வீட்டில் மின்சாரம் போய், இருள் சூழ்ந்த நொடியில், அவன் கேட்காமலேயே அவள் அந்தப் பாடலைத் தொடங்குகிறாள். ராம் பதறிக்கொண்டு ஓடி வருகிறான். அந்த ஓட்டத்தில் இருக்கும் அவசரத்துக்கு ‘கைதி’யின் லாரிகள் எதுவும் ஈடாகவில்லை என்பேன். காரணம் எளியது: தில்லி தோற்க மாட்டான் என்று நமக்குத் தெரியும், இந்தப் பாட்டு முடிந்துவிடும் என்றும் தெரியும்.

‘எ கொயட் பிளேஸ்’ பற்றி எனக்கு இரண்டு மனம். சத்தம் கேட்டால் பாய்ந்து கொல்லும் உயிரினங்களுக்கு அஞ்சி ஒரு குடும்பம் வெறுங்காலோடு மணல் பாதையில் நடக்கிறது, கைச்சைகையில் பேசுகிறது. நிலவறைப் படிக்கட்டில் மூட்டையை இழுத்து ஏறும்போது ஓர் ஆணி நிமிர்ந்து நிற்கிறது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, நாம் கவனித்துவிட்டோம். பிறகு அந்தப் படிக்கட்டில் யார் கால் வைத்தாலும் என் பாதம் கூசியது. செவித்திறன் இல்லாத மகளாக, உண்மையிலும் செவித்திறன் இல்லாத மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் நடித்திருக்கிறார். அவள் பார்வைக்குக் காட்சி மாறும்போது ஒலி முழுவதும் அடங்கிவிடுவது படத்தின் ஆகச் சிறந்த முடிவு. இத்தனை துணிச்சலாக யோசித்தவர்கள், மற்ற இடங்களில் பின்னணி இசையை ஏன் இவ்வளவு நம்பினார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மௌனமே ஆபத்தை உணர்த்திக்கொண்டிருக்கும்போது இசை உள்ளே நுழைந்து பயப்படச் சொல்கிறது. வேலி போட்டவரே அதில் வழி வெட்டிக்கொடுத்தது போல இருந்தது.

‘12 ஆங்ரி மென்’ அப்படி எந்த வழியையும் வெட்டவில்லை. தந்தையைக் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட 18 வயது இளைஞனுக்கு மரணமா விடுதலையா என்று 12 ஜூரிகள் (தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள்) முடிவு செய்ய வேண்டும். முதல் வாக்கெடுப்பில் 11 பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் மறுக்கிறார். சில நிமிடங்கள் நீங்கலாகப் படம் முழுவதும் அந்த ஓர் அறையில்தான். லூமெட்டுக்கு இது முதல் திரைப்படம். கேமராவை முதலில் கண் மட்டத்துக்கு மேலே வைத்து, பிறகு கண் மட்டத்துக்கு இறக்கி, இறுதிப் பகுதியில் அதற்கும் கீழே கொண்டுபோனதாக அவரே எழுதியிருக்கிறார். லென்ஸ்களும் படிப்படியாக மாறின. அதனால் சுவர்கள் நெருங்கி வருவது போலவும், கூரை தலைக்கு மேல் இறங்குவது போலவும் தோன்றுகிறது. இந்த விவரத்தை அறியாமல் முதன்முறை பார்த்தபோதே எனக்கு மூச்சு முட்டியது. அறிந்த பிறகு மறுபடி பார்த்தபோதும் அந்த இறுக்கம் குறையவில்லை.

ஆனால் என்னை அசைத்தது கேமரா மட்டுமன்று. வாதம் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கும் நேரத்தில், எதிரில் இருப்பவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரு பக்கத்தையும் தேய்ப்பதை ஒரு முதியவர் பார்க்கிறார். கொலையை நேரில் கண்டதாகச் சொன்ன பெண்ணின் மூக்கிலும் கண்ணாடி அழுத்திய அதே தழும்பு இருந்தது அவர் நினைவுக்கு வருகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு யாரும் தூங்கப் போவதில்லை. அப்படியானால் படுக்கையில் இருந்த அந்தப் பெண் எதைப் பார்த்திருக்க முடியும்? துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. விரலால் மூக்கைத் தேய்க்கும் ஒரு பழக்கம் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. அறையைப் பூட்டிவிட்டதால்தான் இவ்வளவு சிறிய அசைவு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே என் வரிசையில் ‘12 ஆங்ரி மென்’ முதலில் நிற்கிறது, ‘96’ அதற்கு அடுத்து. மற்ற இரண்டில் ‘எ கொயட் பிளேஸ்’ ஒரு படி மேலே, ‘கைதி’யின் அந்தக் கதவுக் காட்சிகளை மட்டும் தனியே எடுத்தால் இந்த வரிசை மாறிவிடும் என்றாலும். மாலைப் பொழுது முழுவதும் கையில் இருப்பவர்கள் ‘96’ பார்க்கட்டும். அதன் நீளத்துக்குப் பொறுமை வேண்டும். ஒன்றரை மணி நேரம் மட்டுமே உள்ளவர்கள் அந்த 12 பேரோடு அறைக்குள் போய் உட்காரலாம். வழக்கு முடிந்து நீதிமன்றப் படிகளில் இறங்கும்போதுதான் இருவர் முதன்முறையாகத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள், கை குலுக்குகிறார்கள், ஆளுக்கொரு பக்கமாக நடக்கிறார்கள்.