‘காமன் லைப்ரரி’ என்று சொல்லி எங்கள் தலையில் கட்டியது: ஒரே சர்வரில் பல அப்ளிகேஷன் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் முன்பதிவுப் பட்டியலைத் திறந்தேன். பதினேழு பேர் 1970 ஜனவரி 1 அன்று வகுப்புக்கு வருவதாக இருந்தது. அன்று தொடங்கிய தலைவலி முடிய ஒன்றரை வருடம் ஆனது. இதே மாதிரி ஏற்பாட்டில் இன்னும் பலர் மாட்டியிருப்பார்கள் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

நாங்கள் பயிற்சி வகுப்புகள் நடத்தும் சிறிய அமைப்பு. முன்பதிவுக்கு ஒன்று, பில் போட ஒன்று, பயிற்சியாளர்களின் வருகைப் பதிவுக்கு ஒன்று என்று மூன்று அப்ளிகேஷன்களை ஒரே நிறுவனத்திடம் செய்யக் கொடுத்தோம். எல்லாம் பிஎச்பி என்ற நிரல்மொழியில். அவர்களுடைய சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம், பராமரிப்பும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பேச்சு. பேச்சுவார்த்தையில் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை ‘ரீயூசபிள் காம்போனென்ட்’. லாகின், தேதி, மின்னஞ்சல், பிடிஎஃப் எல்லாவற்றையும் தனியாக ஒரு பொது இடத்தில் வைத்திருக்கிறோம், ஒரு தடவை எழுதினால் மூன்று அப்ளிகேஷனுக்கும் பயன்படும், செலவு குறையும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பில் வந்தபோது மூன்றிலும் ‘காம்போனென்ட் உருவாக்கம்’ என்று தனி வரி இருந்தது. ஒரே லாகின் பகுதிக்கு மூன்று முறை பணம் கட்டினோம். அன்றே கேட்டிருக்க வேண்டும்.

சரி, 1970-க்கு வருகிறேன். ஃபோன் செய்தால் அவர்களின் ப்ராஜெக்ட் மேனேஜர், “மேடம், உங்க அப்ளிகேஷனை நாங்க தொடவே இல்லை” என்றார். அதில் பொய் இல்லை. முன்பதிவு அப்ளிகேஷன் ஃபோல்டரில் நான்கு மாதமாக ஒரு ஃபைலும் மாறவில்லை. சர்வருக்குள் பார்க்க எனக்கு ஒரு லாகின் கொடுத்திருந்தார்கள். அதை வைத்து மெதுவாகத் தேடினேன். அவர்கள் சொன்ன பொது இடமான ‘காமன்’ என்ற ஃபோல்டரில் தேதிக்கான ஃபைல் மட்டும் வெள்ளிக்கிழமை இரவு 11:40-க்கு மாறியிருந்தது.

மாறியது ஒரே ஒரு எழுத்து. தேதியைத் திரையில் காட்டுகிற ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல் துண்டு) அதுவரை நாள், மாதம், ஆண்டுக்கு நடுவே சிறுகோடு போட்டுக்கொண்டிருந்தது. அதை யாரோ சாய்கோடாக மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் முன்பதிவுப் பகுதி, அந்த ஃபங்ஷன் தந்த எழுத்தை வாங்கி, ‘ஸ்ட்ர்-டு-டைம்’ என்ற பிஎச்பி ஃபங்ஷன் வழியாக மறுபடியும் தேதியாக்கித்தான் டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருந்தது. பிஎச்பியில் 05-04-2022 என்று சிறுகோடு இருந்தால் ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொள்ளும். 05/04/2022 என்று சாய்கோடு இருந்தால் அமெரிக்க முறைப்படி முதலில் மாதம் என்று எடுத்துக்கொண்டு மே 4 ஆக்கிவிடும். நாள் 12-க்கு மேல் போனால் அப்படி ஒரு மாதமே கிடையாது என்பதால் தேதியே கிடைக்காது. அந்தக் காலியான விடையை அப்படியே அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் அது பூஜ்ஜியமாகி, பூஜ்ஜியம் 1970 ஜனவரி 1 ஆகிவிடும்.

இதில் 1970 என்று வந்தவர்களைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பார்த்ததும் தெரிகிற தப்பு, ஒரே நாளில் சரிசெய்தோம். வயிற்றைக் கலக்கியது மற்றவர்கள் விஷயம்தான். ஏப்ரல் 5-க்குப் பதிந்தவர் மே 4-இல் உட்கார்ந்திருந்தார். பார்க்க ஒழுங்கான தேதி, எங்கும் பிழைச் செய்தி இல்லை, சர்வரின் பிழைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஏப்ரல் 4-க்குப் பதிந்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள், திருப்பிப் போட்டாலும் அதே தேதிதானே. அந்த வார இறுதியில் பதிந்த ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து, “நீங்கள் எந்த நாளுக்குப் பதிந்தீர்கள்?” என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பிப் போயிருந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது நான்.

அந்த எழுத்தை ஏன் மாற்றினார்கள்? அவர்களுடைய வேறொரு வாடிக்கையாளருக்குத் தேதியில் சாய்கோடு வேண்டுமாம். அதாவது அந்தக் ‘காமன்’ எங்கள் மூன்று அப்ளிகேஷனுக்கு மட்டும் பொது இல்லை. அந்த சர்வரில் இருந்த எல்லோருக்கும் பொது. ஃபைலைத் திறந்தால் உள்ளே ‘இந்த வாடிக்கையாளர் என்றால் இப்படி, அந்த வாடிக்கையாளர் என்றால் அப்படி’ என்று வரிசையாக நிபந்தனைகள், எனக்குச் சம்பந்தமே இல்லாத நிறுவனங்களின் பெயர்களோடு. பக்கத்திலேயே அமைப்பு விவரங்கள் இருக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல். திறந்ததும் மூடினேன். வேறொருவரின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் பளிச்சென்று இருந்தது. எனக்கு அவர்களுடையது தெரிகிறது என்றால் அவர்களுக்கு எங்களுடையதும் தெரியும். எங்களிடம் பணம் கட்டியவர்களின் முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் அந்த டேட்டாபேஸில்தான் இருந்தன. சர்வரில் இருந்த எல்லா அப்ளிகேஷனும் ஒரே லினக்ஸ் யூசரின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. எந்த ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் எல்லாம் போச்சு. அப்ளிகேஷனுக்கு ஒரு யூசர், தனித்தனி எஃப்பிஎம் பூல் (பிஎச்பியை ஓட்டும் தனிக் குழு) என்று பிரித்து வைக்க அரை நாள் போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

எழுத்தில் புகார் கொடுத்தேன். மழுப்பினார்கள். பிறகு, “இனிமேல் கம்போசர் மூலமா வெர்ஷன் போட்டுத் தர்றோம், ஒருத்தருக்கு மாத்தினா இன்னொருத்தருக்குப் போகாது” என்று உறுதி சொன்னார்கள். கம்போசர் என்பது பிஎச்பி அப்ளிகேஷனுக்கு வேண்டிய பேக்கேஜ்களை, அதாவது தனித்தனி நிரல் தொகுப்புகளை, எடுத்து வைக்கும் கருவி. அதற்கும் பில் போட்டார்கள், கட்டினோம். அடுத்த மாதம் ஒவ்வொரு அப்ளிகேஷனிலும் அந்த பேக்கேஜ்கள் இருக்கும் ‘வெண்டர்’ ஃபோல்டர் வந்தது, எந்த வெர்ஷன் என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைலும் வந்தது. நானும் நிம்மதியானேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் மாணவர்களுக்குப் போன மின்னஞ்சலின் அடியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது.

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கம்போசரில் ஒரு பேக்கேஜை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும்போது ‘பாத்’ என்றொரு வகை உண்டு. அதே கணினியில் இருக்கிற ஒரு ஃபோல்டரைக் காட்டுவது. அப்படிக் காட்டினால், தனியாகச் சொல்லாதவரை, கம்போசர் அந்த ஃபோல்டரை நகலெடுக்காது. முடிந்தால் ஒரு சிம்லிங்க், அதாவது அந்த ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி, போட்டுவிட்டுப் போய்விடும். நம் கணினியில் உட்கார்ந்து எழுதும்போது அது வசதி. ஓடுகிற சர்வரில் வைத்தால் பழைய கதைதான். வெண்டர் ஃபோல்டருக்குள் போய், ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ கட்டளையைக் கொடுத்தேன். எங்கள் பேக்கேஜ் பெயருக்கு வலது பக்கம் ஒரு அம்புக்குறி. அம்பு காட்டியது அதே ‘காமன்’ ஃபோல்டரை. மூன்று அப்ளிகேஷனிலும் அதே அம்பு. வெர்ஷன் பிரித்துத் தருகிறோம் என்று பணம் வாங்கிவிட்டு, பழைய ஃபோல்டருக்கு வேறு வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தெரியாமல் செய்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதோடு சேர்ந்தே வந்தது பிஎச்பி வெர்ஷன் பிரச்சினை. நாங்கள் இருந்த 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-உடன் நின்றுவிட்டன. முன்கூட்டியே 8-க்குப் போகச் சொல்லிக் கேட்டோம். ‘காமன்’ அதில் ஓடாது, எல்லா வாடிக்கையாளரும் சேர்ந்துதான் மாற முடியும் என்று கை விரித்துவிட்டார்கள். பார்த்தால், 8.0-இல் நீக்கப்பட்ட ‘ஈச்’, ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்ற பழைய ஃபங்ஷன்கள் எல்லாம் அதற்குள் இறைந்து கிடந்தன. ஒரே சர்வரில் இரண்டு பிஎச்பி வெர்ஷன்களை அருகருகே ஓட்டலாம். ஆனால் எல்லோரும் ஒரே ஃபோல்டரைப் பிடித்துத் தொங்கினால், மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் எல்லோரும் போக வேண்டும்.

போதும் என்று வெளியேற முடிவு செய்தோம். அங்கேதான் கடைசி அடி. அப்ளிகேஷன்களின் சோர்ஸை, அதாவது மூல நிரலை, கொடுத்தார்கள், ‘காமன்’ மட்டும் தர மாட்டோம் என்றார்கள். “அது எங்க ஃப்ரேம்வொர்க் மேடம், லைசென்ஸ் தனி.” ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் ‘மூன்று அப்ளிகேஷன்கள் ஒப்படைக்கப்படும்’ என்றுதான் இருந்தது. காம்போனென்ட் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. அது இல்லாமல் மூன்றும் முதல் வரியிலேயே நின்றுவிடும். மூன்று முறை பணம் கட்டிய பொருளுக்கு நான்காவது முறையும் கட்டி, மற்ற வாடிக்கையாளர்களின் விவரங்களை நீக்கிய ஒரு நகலை வாங்கினோம். வாங்கிப் பார்த்தால், ‘நாங்களே எழுதியது’ என்று பில் போட்டிருந்த பிடிஎஃப் பகுதி இலவசமாகக் கிடைக்கும் ஒரு திறமூல லைப்ரரி. தலைப்பில் இருக்க வேண்டிய காப்புரிமைக் குறிப்பை வெட்டியிருந்தார்கள். அது எம்ஐடி லைசென்ஸில் வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் அந்தக் குறிப்பை வைத்திருக்க வேண்டும். அந்த ஒரே நிபந்தனையைத்தான் மீறியிருந்தார்கள்.

இப்போது வேறொருவர் உதவியோடு எங்கள் சொந்த சர்வரில் வைத்திருக்கிறோம். ‘காமன்’ உள்ளே இருந்த சுமார் 240 ஃபங்ஷன்களில் நாங்கள் பயன்படுத்தியது 31. அவற்றை மட்டும் எடுத்து லாகின், தேதி, மின்னஞ்சல் என்று மூன்று சிறு பேக்கேஜ் ஆக்கினோம். ஒவ்வொன்றுக்கும் தனி கிட் ரெப்போ (மாற்றங்களின் வரலாற்றோடு நிரலை வைக்கும் களஞ்சியம்). மாற்றம் ஒன்று செய்தால் புது டேக், அதாவது புது வெர்ஷன் எண். பழையதை உடைக்கிற மாற்றம் என்றால் முதல் எண் கூடும், உடைக்காமல் புதிதாகச் சேர்த்தால் நடு எண், பிழை திருத்தினால் கடைசி எண். சிறுகோட்டைச் சாய்கோடாக்குவது எங்கள் கணக்கில் முதல் எண் மாற்றம். ஒரு அப்ளிகேஷன் 1.4-இல் இருக்கும்போது இன்னொன்று 2.0-க்குப் போகலாம், ஒன்றுக்கொன்று தெரியவே தெரியாது. எந்த கமிட் (பதிவான மாற்றம்) வரை என்பதை லாக் ஃபைல் பிடித்து வைத்திருக்கும். சர்வரில், லாக் ஃபைலில் உள்ளபடி நிறுவும் ‘இன்ஸ்டால்’ மட்டும்தான், புது வெர்ஷன்களைத் தேடி எடுக்கும் ‘அப்டேட்’ கொடுக்கவே கூடாது என்பது உதவிக்கு வந்தவர் எங்களுக்குப் போட்ட முதல் சட்டம். பாஸ்வேர்டு எதுவும் பேக்கேஜுக்குள் போகாது, அந்தந்த அப்ளிகேஷனின் கான்ஃபிக்கில்தான் இருக்கும்.

ஒரே நிரலை மூன்று இடத்தில் வைத்தால் இடம் வீண் என்று பழைய நிறுவனம் சொல்லும். எங்கள் பேக்கேஜ் மூன்றும் சேர்ந்து ஒரு புகைப்படத்தின் அளவுகூட வரவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயமான ஒன்று உண்டு: பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மூன்று இடத்திலும் போட வேண்டும். ஆமாம், வேலைதான். ஆனால் கம்போசர் 2.4-இலிருந்து ‘ஆடிட்’ என்றொரு கட்டளை இருக்கிறது. வெளியிலிருந்து எடுத்த எந்த பேக்கேஜில் தெரிந்த ஓட்டை உண்டு என்று சொல்லிவிடும். மூன்று இடத்தில் தெரிந்தே மாற்றுவது, முப்பது இடத்தில் தெரியாமல் மாறுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இது பிஎச்பிக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. விண்டோஸில் எல்லா மென்பொருளும் ஒரே சிஸ்டம் ஃபோல்டரில் டிஎல்எல் என்ற பொது நிரல் ஃபைல்களைக் கொட்டிய காலத்தில், ஒன்றை நிறுவினால் இன்னொன்று செத்துப்போகும், அதற்கு ‘டிஎல்எல் ஹெல்’ என்றே பெயர். பைத்தானில் இதற்காகவே 2012-இல் வந்த 3.3-இலிருந்து, ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி லைப்ரரி இடம் தரும் ‘வென்வ்’ கூடவே வருகிறது. ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் சர்வரில் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் அதன் சொந்த லிப் (லைப்ரரி) ஃபோல்டர் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் பொது ஃபோல்டர் ஒன்றைக் காட்டி அதை ‘ரீயூசபிள்’ என்று விற்றால், கையெழுத்துப் போடாதீர்கள். காம்போனென்ட் யாருக்குச் சொந்தம், வெளியேறும்போது சோர்ஸ் வருமா, அதன் கிட் வரலாறும் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்தத் திறமூல லைப்ரரி உள்ளே இருக்கிறது என்ற பட்டியலையும் கேளுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் வெண்டருக்குள் போய் அம்புக்குறி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு, எங்கள் புது ஆள் சொல்லித் தந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில், சர்வரில் உள்ள பழைய பொது ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு அப்ளிகேஷன்கள் ஓடுகின்றனவா என்று பார்ப்பது. மாறும் காலத்துக்காக எங்கள் சர்வரிலும் ‘காமன்’ நகல் ஒன்றை வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு விடியற்காலையில் பெயரை மாற்றினோம். முன்பதிவும் பில்லும் வழக்கம்போல ஓடின, வருகைப் பதிவு மட்டும் நின்றுவிட்டது. அதற்காக இரவில் தானாக ஓடும் ஒரு கிரான் ஸ்கிரிப்ட்டில் பழைய ஃபோல்டரின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருந்தது. பெயரை மறுபடி பழையபடி வைத்து, ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, அடுத்த ஞாயிறு மீண்டும் மாற்றினோம். மூன்றும் ஓடின. அந்த வாரம் முழுக்க ஃபோல்டரை அப்படியே விட்டுவைத்து, தினமும் காலையில் முன்பதிவுப் பட்டியலைத் தேதி தேதியாகச் சரிபார்த்தேன். எட்டாம் நாள் அதை அழித்தோம்.